வீதிக்கு முன் மைதானம்

இளம் சாரதிகளுக்கான தொண்டர் பயிற்சி நாள் - ஒரு பாடம்

மகன் மோட்டார் சைக்கிளின் திறப்பை எடுக்கிறான். "கவனமாப் போட்டு வா, தம்பி" என்கிறார் தாய். "ஓமம்மா" என்று சொல்லிவிட்டு அவன் படலையைத் தாண்டிப் போகிறான். எமது வீடுகளில் நாளாந்தம் நடக்கும் காட்சி இது. தாயின் சொல்லில் அன்பு இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. ஆனால் பாடம் இல்லை. கவனமாகப் போவது என்றால் என்ன? எந்த வேகத்தில் போனால் எத்தனை மீற்றருக்குள் நிற்கலாம்? ஈர வீதியில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சில்லு என்ன செய்யும்? வண்டி இழுபடும்போது கண் எங்கே பார்க்க வேண்டும்? இவற்றை அவனுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. அவன் வீதியிலேயே கற்கிறான். வீதியோ பிழைவிட்டுப் பழகுவதற்கு ஏற்ற இடம் அல்ல.

இந்தக் குறையை ஐக்கிய அமெரிக்காவில் சில கார்க் கழகங்கள் தம் சொந்த உழைப்பால் நிரப்பி வருகின்றன. வார இறுதி நாளொன்றில் ஒரு பெரிய வாகனத் தரிப்பிடத்தை ஒதுக்கி, பதின்ம வயதுச் சாரதிகளை அழைத்து, வண்டி கட்டுப்பாட்டை இழப்பது எப்படி, அதை மீட்பது எப்படி என்பதைக் கூட இருந்து காட்டிக் கொடுக்கிறார்கள். "கார் கொன்ட்றோல் கிளினிக்" என்று அங்கே இதனை அழைப்பார்கள். நாம் கார்ப்பயிற்சி நாள் என்று சொல்வோம். இப்பயிற்சி எவ்வாறு நடக்கிறது, அதில் உள்ள நன்மை எது, மறைந்திருக்கும் ஆபத்து எது, எமது குடியிருப்புகளுக்கு அதிலிருந்து எதனை எடுக்கலாம், எதனை விட வேண்டும் என்பனவே இவ்விதழின் பாடமாகும்.

1. ஏன் இளைஞர்கள்?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதிலேயே பிள்ளைகள் கார் ஓட்டலாம். சில மாநிலங்களில் பழகுநர் அனுமதி 14 வயதிலேயே கிடைத்துவிடும். பஸ் இல்லாத ஊர்களும் நீண்ட தூரங்களும் கொண்ட நாடு அது. கார் இல்லாவிட்டால் பாடசாலைக்கும் வேலைக்கும் போவது கடினம். ஆகவே பிள்ளையின் கையில் திறப்பைக் கொடுக்காமல் இருப்பதும் பெற்றோருக்கு எளிதல்ல.

அதன் விலை பெரியது. ஓடிய தூரத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 16 முதல் 19 வயது வரையான சாரதிகள் உயிரிழப்பு விபத்துகளில் சிக்கும் வீதம், 20 வயதுக்கு மேற்பட்டோரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காகும். இந்த வயதினரின் கண் கூர்மையானது, கை வேகமானது, உடல் பலமானது. அப்படியிருந்தும் ஏன்? முதற்காரணம் அனுபவக் குறைவு. ஆபத்து கண்முன் வரும்வரை அதை அடையாளம் காண அவர்களுக்குத் தெரிவதில்லை. இரண்டாவது, வேகத்தின் மீதுள்ள ஆசை. மூன்றாவது, கூட இருக்கும் நண்பர்கள். வண்டியில் சக வயதினர் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. நான்காவது, இரவு நேரம்.

இதனை உணர்ந்தே 1996இல் புளோரிடா மாநிலம் படிப்படியான அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தது. பின்னர் ஏனைய மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. முதலில் பெரியவர் பக்கத்தில் இருக்க ஓட்டவேண்டும். அடுத்த படியில் தனியே ஓட்டலாம், ஆனால் இரவில் ஓட்டத் தடை உண்டு. பல மாநிலங்களில் நண்பர்களை ஏற்றுவதற்கும் வரம்பு உண்டு. அதன் பின்னரே முழு அனுமதி. இம்முறை வந்த இடங்களில் இளம் சாரதிகளின் விபத்துகள் குறைந்தன என்பது பல ஆய்வுகளிற் கண்ட உண்மை. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பாடத்தின் பிற்பகுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

2. நடத்துபவர்கள் யார்?

இப்பயிற்சி நாட்களை நடத்துவது அரசாங்கம் அல்ல. கார் ஓட்டுவதிலும் அதைப் பழுது பார்ப்பதிலும் விருப்பமுள்ளவர்கள் சேர்ந்து அமைத்த கழகங்களே அவற்றை நடத்துகின்றன. அமெரிக்காவின் பி.எம்.டபிள்யூ கார்க் கழகத்தவர் 2002இல் "ஸ்ரீட் சர்வைவல்" என்ற திட்டத்தைத் தொடங்கினர். வீதியில் உயிர் தப்புதல் என்பது அப்பெயரின் பொருள். பின்னர் வேறு கார்க் கழகங்களும் இதிற் கைகோத்தன. "ரயர் ராக்" என்ற ரயர் விற்பனை நிறுவனம் அனுசரணை வழங்குகிறது. பயிற்றுநர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள். ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து, வெயிலிலும் மழையிலும் நின்று, பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

இன்னொரு முயற்சி ஒரு தகப்பனின் துயரத்திலிருந்து பிறந்தது. டக் ஹேர்பேட் என்பவர் அமெரிக்காவில் அறியப்பட்ட கார்ப் பந்தய வீரர். மிகுந்த வேகத்தில் வண்டியைக் கட்டுப்படுத்துவதே அவருடைய தொழில். 2008 ஜனவரியில் வட கரோலினாவில் நடந்த வீதி விபத்தில் அவருடைய இரு புதல்வர்களும் ஒன்றாக மாண்டனர். ஒருவருக்கு வயது 17, மற்றவருக்கு 12. அதே ஆண்டில் அவர் "பிரேக்ஸ்" என்ற அமைப்பைத் தொடங்கி, ஏனையோரின் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்க முன்வந்தார். அங்கே பிள்ளையோடு பெற்றோரில் ஒருவரும் வரவேண்டும் என்பது விதி. தகப்பனுக்குத் தெரிந்த தொழில் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது என்பதை இதனிலும் தெளிவாக யார் எமக்குச் சொல்ல முடியும்?

3. ஒரு நாள் நடப்பது எப்படி?

"ஸ்ரீட் சர்வைவல்" திட்டத்தில் 15 முதல் 21 வயது வரையானவர்கள் சேரலாம். பழகுநர் அனுமதியோ சாரதி அனுமதிப்பத்திரமோ அவர்களிடம் இருக்க வேண்டும். பிள்ளை நாளாந்தம் ஓட்டும் அதே காரிலேயே பயிற்சி நடக்கும். வேறு நல்ல காரில் பழகிவிட்டு வீட்டில் பழைய காரை ஓட்டினால் கற்றது உதவாது அல்லவா? முதலில் காரைப் பரிசோதிப்பார்கள். ரயர், பிரேக் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். காரினுள்ளே உருளக்கூடிய போத்தல், புத்தகப்பை அனைத்தையும் வெளியே எடுக்கச் சொல்வார்கள்.

அடுத்து வகுப்பு. கார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வீதியைத் தொடுவது நான்கு ரயர்களின் அடியில் உள்ள நான்கு சிறு பகுதிகள் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு உள்ளங்கை அளவு. நிற்பதும் திரும்புவதும் வேகமெடுப்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில்தான் தங்கியுள்ளன. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்கிறது, பின் சில்லின் பிடி குறைகிறது. வேகமெடுக்கும்போது பாரம் பின்னே போகிறது. வளைவில் வெளிப்பக்கம் சாய்கிறது. தலையிற் குடம் சுமந்து நடப்பவர் திடீரென நின்றால் தண்ணீர் எந்தப் பக்கம் சிந்தும் என்பதை அறிந்த எவருக்கும் இது விளங்கும்.

ஆசனத்தில் அமரும் முறையும் ஒரு பாடமே. முதுகு ஆசனத்தில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்ரியறிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். கைகள் இரண்டும் மணிக்கூட்டின் 9, 3 இருக்கும் இடங்களைப் பிடிக்கவேண்டும்.

அதன்பின் மைதானம். வகுப்பும் ஓட்டமும் மாறி மாறி நடக்கும். தொண்டர் ஒருவர் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்துகொள்வார். றப்பர்க் கூம்புகளை நிறுத்தித் தடம் அமைத்திருப்பார்கள். கூம்பு விழுந்தால் நிமிர்த்தி வைக்கலாம், யாருக்கும் நட்டமில்லை. பிள்ளைகள் செய்யும் பயிற்சிகளிற் சிலவற்றைப் பார்ப்போம்.

முழுப் பலத்துடன் பிரேக் பிடித்தல்: இளம் சாரதிகள் பலர் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் பிரேக்கை முழுமையாக மிதித்திருக்கமாட்டார்கள். இப்போதைய கார்களில் உள்ள ஏ.பி.எஸ். என்ற அமைப்பு, சில்லு பூட்டுண்டு இழுபடாமல் ஒரு செக்கனில் பல தடவை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். அப்போது பாதத்தின் கீழ் மிதி அதிரும், சத்தம் கேட்கும். பழக்கமில்லாதவர் பயந்து காலை எடுத்துவிடுவார். எடுக்கக்கூடாது, அழுத்தியபடியே வேண்டிய பக்கம் திருப்பலாம் என்பதை இங்கே உடம்பால் அறிகிறார்கள். ஏ.பி.எஸ். இல்லாத வாகனத்தில் நிலைமை வேறு. சில்லு பூட்டுண்டால் ஸ்ரியறிங்கை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும். பிரேக்கைச் சற்றுத் தளர்த்தினால்தான் திரும்பும்.

தடம் மாற்றுதல்: முன்னே திடீரென ஒரு தடை வந்ததாக வைத்துக்கொண்டு பக்கத்துத் தடத்திற்கு விலகிப் பின் நேராக்க வேண்டும். இங்கே கற்பது கையின் வேலையை விடக் கண்ணின் வேலையையே. எதைப் பார்க்கிறோமோ அந்தப் பக்கமே வண்டி போகும். மரத்தைப் பார்த்தபடி திருப்புபவர் மரத்தில்தான் மோதுவார். போகவேண்டிய இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

ஈர வட்டம்: நிலத்தை நன்றாக நனைத்து வட்டமாக ஓட்டச் செய்வார்கள். வேகம் சிறிது கூடியதும் வண்டி சறுக்கும். முன் சில்லுகள் சறுக்கினால் வண்டி திரும்ப மறுத்து வெளியே போகும். அப்போது மேலும் திருப்புவதே பிள்ளையின் இயல்பு. அதனாற் பயனில்லை. அக்சிலேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, திருப்பத்தைச் சற்றுக் குறைத்தால் பிடி திரும்பும். பின் சில்லுகள் சறுக்கினால் வண்டியின் பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். அப்போது போகவேண்டிய திசையைப் பார்த்து அப்பக்கமே திருப்ப வேண்டும், பிரேக்கைத் திடீரென மிதிக்கக்கூடாது. 2012ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் கார்களில் இச்சறுக்கலைத் தானாகவே தடுக்க முயலும் மின்னணு அமைப்பு கட்டாயமாகும். ஆயினும் ரயருக்கும் நிலத்துக்கும் இடையே இல்லாத பிடியை எந்தக் கருவியாலும் உண்டாக்க முடியாது.

வீதியோரத்தில் சில்லு இறங்குதல்: "பிரேக்ஸ்" அமைப்பினர் கற்பிக்கும் பயிற்சி இது. தாரின் விளிம்பிலிருந்து ஒரு பக்கச் சில்லு மண்ணில் இறங்கிவிட்டால், பதறி ஒரே வெட்டாகத் திருப்பி மேலே ஏற்றுவதே பெரும் பிழை. சில்லு விளிம்பில் உரசி நின்று, பின் திடீரென ஏறி, வண்டியை எதிர்ப்பக்கம் எறிந்துவிடும். ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, பின்னே பார்த்து, மெதுவாக ஏறவேண்டும். விளிம்பு அரிக்கப்பட்ட எமது கிராம வீதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

இவை தவிர, பெரிய லொறி ஒன்றைக் கொண்டுவந்து பிள்ளைகளை அதன் சாரதி ஆசனத்தில் ஏற்றி இருத்துவார்கள். அங்கிருந்து பார்த்தால் பக்கத்தில் நிற்கும் கார் முழுதாக மறைந்துவிடும். லொறிச் சாரதி எம்மைக் காண்கிறார் என்று நாம் நினைத்துக்கொண்டு போகும் இடங்கள் பலவற்றில் அவர் எம்மைக் காண்பதில்லை. இதனைச் சொல்லி விளங்கவைக்க ஒரு மணித்தியாலம் வேண்டும், காட்டி விளங்கவைக்க ஒரு நிமிடம் போதும்.

4. வேகத்தின் கணக்கு

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். வேகத்திற்கும் ஒரு செலவு உண்டு. அதனையும் முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம்.

ஆபத்தைக் கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்கை அடைய நல்ல விழிப்புள்ள ஒருவருக்கும் ஒரு செக்கனளவு ஆகும். அந்த ஒரு செக்கனிலும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடுகிறது. அதன் பின்னரே பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. நல்ல ரயரும் நல்ல பிரேக்கும் உள்ள ஒரு கார் காய்ந்த தார் வீதியில் நிற்கும் தூரத்தைக் கணித்தால் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:

மணிக்கு 30 கிலோமீற்றர்: யோசிக்கும் தூரம் 8 மீற்றர், பிரேக் தூரம் 5 மீற்றர், மொத்தம் 13 மீற்றர்.

மணிக்கு 60 கிலோமீற்றர்: யோசிக்கும் தூரம் 17 மீற்றர், பிரேக் தூரம் 20 மீற்றர், மொத்தம் 37 மீற்றர்.

மணிக்கு 90 கிலோமீற்றர்: யோசிக்கும் தூரம் 25 மீற்றர், பிரேக் தூரம் 45 மீற்றர், மொத்தம் 70 மீற்றர்.

பிரேக் தூரத்தைக் கவனியுங்கள். வேகம் இரண்டு மடங்காகும்போது அது நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. ஈரத்தில் பிடி பாதியாகக் குறைந்தால் பிரேக் தூரம் மேலும் இரட்டிக்கும். மணலிலும் சரளையிலும் தேய்ந்த ரயரிலும் நிலைமை இன்னும் மோசமாகும். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு ஒரு செக்கன் மூன்று செக்கனாகிவிடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அது 50 மீற்றர். அத்தனை தூரமும் கண்ணை மூடிக்கொண்டு போவதற்குச் சமம்.

5. திறமையில் ஒளிந்திருக்கும் ஆபத்து

இதுவரை வாசித்தவர்கள், இத்தகைய பயிற்சியை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டால் விபத்துகள் குறைந்துவிடும் என்று எண்ணக்கூடும். நோர்வே நாட்டினரும் அப்படித்தான் எண்ணினர். பனி உறையும் நாடு அது. ஆகவே வழுக்கும் தளத்தில் ஓட்டும் பயிற்சியை இளம் சாரதிகளுக்குக் கட்டாயமாக்கினர். 1988இல் வெளிவந்த ஆய்வு எதிர்பாராத முடிவைக் காட்டியது. பயிற்சிக்குப் பின் இளம் ஆண் சாரதிகளின் விபத்துகள் குறையவில்லை, மாறாகக் கூடியிருந்தன.

ஏன்? சறுக்கினாலும் மீட்டுவிடலாம் என்ற துணிவு பிள்ளைக்கு வந்துவிட்டது. துணிவு வந்ததும் வேகம் கூடியது. மைதானத்தில் ஒரு பிற்பகல் கற்ற கைத்திறன் சில மாதங்களில் மங்கிவிட்டது. துணிவோ மங்கவில்லை.

சுவீடனில் கிரெகெர்சன் என்ற ஆய்வாளர் 1996இல் வெளியிட்ட பரிசோதனை இதை மேலும் விளக்குகிறது. பழகுநர் சாரதிகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு வழுக்கும் தளத்தில் பிரேக் பிடித்து விலகும் திறமையைப் பயிற்றினர். மற்றப் பிரிவினருக்கு, அந்நிலையில் தமது திறமை எவ்வளவு நிச்சயமற்றது என்பதை உணர்த்தினர். பின்னர் இரு பிரிவினரையும் சோதித்தபோது, உண்மையான திறமையில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் திறமை பயின்ற பிரிவினரே தம்மைப் பற்றி உள்ளதைவிட அதிகமாக மதிப்பிட்டனர். சுவீடன் 1999இல் தனது கட்டாய வழுக்கற் பயிற்சியை மாற்றியமைத்தது. வண்டியை மீட்கும் கெட்டித்தனத்தை விட, ஆபத்தை உணர்ந்து விலகி நடக்கும் அறிவுக்கு முதலிடம் கொடுத்தது.

இப்பாடத்தின் மையம் இதுவே. சறுக்கலை ஏன் கற்பிக்கிறோம்? வீதியில் சறுக்கி விளையாடுவதற்கு அல்ல. சறுக்கல் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, வந்தபின் எவ்வளவு சிறிதளவே எம்மாற் செய்ய முடிகிறது என்பதைப் பிள்ளை தன் கண்ணாற் காண்பதற்காகவே. நல்ல பயிற்றுநர் கூம்புகளை எப்போதும் வெல்லக்கூடியதாக வைப்பதில்லை. வேகத்தை ஐந்தாறு கிலோமீற்றர் கூட்டச் சொல்கிறார், கூம்புகள் விழுகின்றன. "இந்தக் கூம்பு ஒரு பிள்ளையாக இருந்தால்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கிறார். பிள்ளை மைதானத்தை விட்டு "நான் கெட்டிக்காரன்" என்ற எண்ணத்தோடு போனால் அந்த நாள் தோல்வி. "நான் நினைத்த இடத்தில் வண்டி நிற்கவில்லை" என்ற எண்ணத்தோடு போனால் அது வெற்றி.

படிப்படியான அனுமதி முறையை நினைவில் வைத்திருக்கச் சொன்னோம். அதன் பலன் ஆய்வுகளில் உறுதியானது. ஒரு நாட் பயிற்சி அதற்கு மாற்றாகாது. இரவில் அனுப்பாமல் இருப்பதும், நண்பர்களை ஏற்றவிடாமல் இருப்பதும் வீட்டார் செய்யவேண்டிய வேலை. அதைத் தொண்டர் செய்ய முடியாது.

6. எமது குடியிருப்புகளில்

எமது நிலைமை வேறு. எம்மிற் பலரிடம் கார் இல்லை, மோட்டார் சைக்கிளும் லாண்ட்மாஸ்டரும்தான் உண்டு. லீசிங்கில் எடுத்த அந்த வண்டியே குடும்பத்தின் உழைப்புக்கு ஆதாரம். இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்தின் வயல் ஒரு பக்கம், இருப்பிடம் இன்னொரு பக்கம். மகன் விடியுமுன் போய் இருட்டியபின் திரும்புகிறான். அவன் ஓடுவது அவன் பிறந்து வளர்ந்த ஒழுங்கை அல்ல. எங்கே பள்ளம், எங்கே மாடு குறுக்கிடும் என்பது அவனுக்குத் தெரியாத புதிய வீதி.

பெரியவர்களாகிய எமக்கும் ஒரு குறை உண்டு. 1990களில் எரிபொருள் தடையின்போது வடக்கில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. பெரும்பாலானோருக்குச் சைக்கிளே கதி. வீதிகளோ குண்டும் குழியும். அந்நாட்களில் வேகம் தானாகவே கட்டுப்பட்டிருந்தது. 2009க்குப் பின் பெரு வீதிகள் காபெற் வீதிகளாகின. இன்றைய மோட்டார் சைக்கிளுக்கு 80 கிலோமீற்றர் வேகம் ஒரு கணத்து வேலை. ஆகவே, "நாங்கள் ஓடாத ஓட்டமா?" என்று நாம் சொல்வது பிள்ளைக்குப் பாடமாகாது. அவன் ஓடும் வேகத்தில் எம்மிற் பலர் ஓடிப் பழகியதில்லை.

எனினும் எம்மிடம் அறிவு இல்லாமல் இல்லை. லாண்ட்மாஸ்டர் பிடித்த எவரும் அறிந்த ஒன்றைப் பாருங்கள். சமதரையில் இடது கைப்பிடியின் கிளச்சைப் பிடித்தால் வண்டி இடது பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து பெட்டியிற் பாரத்துடன் இறங்கும்போதோ, பாரம் பின்னாலிருந்து தள்ளுவதால், அதே கிளச்சைப் பிடிக்க வண்டி வலது பக்கம் திரும்பிவிடும். இது தெரியாத பிள்ளை கட்டிலிருந்து கீழே போவான். அனுபவமுள்ள கமக்காரர் இறங்குமுன்னரே கியரைக் குறைத்து, கிளச்சைத் தொடாமல், கைப்பிடியாலேயே திருப்புவார். இந்த அறிவு பெரியவர்களின் கையில் இருக்கிறது. அதைப் பிள்ளையின் கைக்கு மாற்றுவதற்கு ஒரு நாளை ஒதுக்குவதில்லை என்பதே எமது குறை.

ஆலய வளவிலோ பாடசாலை மைதானத்திலோ அனுமதி பெற்று அப்படியொரு நாளை ஒழுங்கு செய்யலாம். பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நன்று.

அ) சிறுவர்களும் கால்நடைகளும் உள்ளே வராதபடி கயிறு கட்டுங்கள். பார்க்க வருபவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கட்டும். முதலுதவி தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும்.

ஆ) பஸ், லொறிச் சாரதிகள், உழவு இயந்திரம் ஓட்டுபவர்கள், திருத்துநர்கள் ஆகியோரை அழையுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். ஏசுபவர் வேண்டாம், கேள்வி கேட்பவரே வேண்டும்.

இ) முதலில் வண்டியைப் பாருங்கள். ரயர், சங்கிலி, பிரேக் வயர், முன் பின் விளக்குகள். தலைக்கவசமும் மூடிய சப்பாத்தும் இல்லாதவர் ஓடக்கூடாது.

ஈ) ஒரு கோடு போடுங்கள். பிள்ளை மணிக்கு 20 கிலோமீற்றரில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்கட்டும். ஓடுமுன், தான் எங்கே நிற்பேன் என்று அவனே ஒரு தடியை நடட்டும். பின் 30இல் அதையே செய்யட்டும். நட்ட தடிக்கும் நின்ற இடத்துக்கும் உள்ள தூரத்தை எல்லோரும் சேர்ந்து காலடியால் அளவுங்கள். இந்த ஒரு பயிற்சி போதும், வேறெதுவும் செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

உ) மோட்டார் சைக்கிளில் பலர் பின் பிரேக்கை மட்டுமே நம்புகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னே சாய்வதால் நிறுத்தும் வேலையிற் பெரும்பகுதி முன் பிரேக்கினுடையது. இரண்டையும் சேர்த்து, வண்டி நிமிர்ந்து நேராக இருக்கும்போது, படிப்படியாக இறுக்கிப் பழகட்டும். முன் பிரேக்கை வெடுக்கெனப் பிடித்தால், அல்லது சாய்ந்து திரும்பும்போது பிடித்தால், வண்டி விழும்.

ஊ) காருக்கான ஈர வட்டத்தை மோட்டார் சைக்கிளில் ஒருபோதும் செய்யாதீர்கள். நான்கு சில்லு சறுக்கினால் சுழலும், இரண்டு சில்லு சறுக்கினால் விழும். ஈரத்திலும் மணலிலும் மோட்டார் சைக்கிளுக்கு உள்ள ஒரே பாடம், அங்கே போகுமுன் வேகத்தைக் குறைப்பதே.

எ) பின் ஆசனத்தில் ஆளுக்குப் பதிலாக நெல் மூட்டையொன்றைக் கட்டி, மெதுவாக ஓடி நிறுத்திப் பார்க்கட்டும். பாரம் ஏறினால் வண்டியின் குணம் மாறுவதை அவனே உணர்வான்.

ஏ) லாண்ட்மாஸ்டரின் இறக்கப் பாடத்தைத் தாழ்வான ஒரு மேட்டில், வெறும் பெட்டியுடன், பெரியவர் பக்கத்தில் நடக்கக் காட்டுங்கள். பெட்டியின் பின்புறத்தில் ஒளிதெறிக்கும் தகடு பூட்டுவதையும் அன்றே செய்துவிடலாம்.

ஐ) போட்டி வைக்காதீர்கள், பரிசு கொடுக்காதீர்கள், நேரம் பிடிக்காதீர்கள். அன்றைய நாள் பந்தயமாக மாறினால் நோர்வேயில் நடந்ததே இங்கும் நடக்கும். மைதானத்திற் பழகியது அனுமதிப்பத்திரமும் ஆகாது. உரிய வயதும் பத்திரமும் வரும்வரை பிள்ளையை வீதிக்கு விடாதீர்கள்.

நாள் முடிவில் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருந்து சில உடன்பாடுகளைப் பேசி முடிவு செய்யட்டும். இருட்டியபின் எந்த வீதியால் வருவது, யாரை ஏற்றுவது, கைத்தொலைபேசி ஒலித்தால் என்ன செய்வது, தாமதமானால் வேகமாக வரத்தேவையில்லை என்பதை வீட்டார் எப்படிச் சொல்லிவைப்பது ஆகியவை அதில் அடங்கும். கடைசியாகச் சொன்னது முக்கியமானது. "எங்கையடா நிக்கிறாய்? கெதியா வா" என்று தொலைபேசியில் நாம் போடும் சத்தமே பல பிள்ளைகளின் வேகத்தைக் கூட்டுகிறது.

போரிலும் இடப்பெயர்விலும் நாம் இழந்தவை பல. அவற்றைத் தடுக்க எம்மால் முடியவில்லை. வீதியில் நாம் இழக்கும் பிள்ளைகளிற் சிலரையேனும் காக்க எம்மால் முடியும். அதற்கு வேண்டியது ஒரு மைதானம், சில தடிகள், ஓய்வு நாளொன்றை விட்டுக்கொடுக்கச் சில பெரியவர்கள். அடுத்த தடவை திறப்பை எடுக்கும் பிள்ளையிடம் "கவனமாப் போ" என்று சொல்லும்போது, அச்சொல் எத்தனை மீற்றர் என்பது அவனுக்கும் எமக்கும் தெரிந்திருக்கட்டும்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது குடியிருப்பிலிருந்து வயலுக்கும் சந்தைக்கும் போகும் வழியில் ஆபத்தான இடங்கள் எவை? இளைஞர்கள் சொல்வதும் பெரியவர்கள் சொல்வதும் ஒன்றா?

2. மணிக்கு 60 கிலோமீற்றரில் நிற்பதற்கு வேண்டிய 37 மீற்றரை உங்கள் ஒழுங்கையில் அளந்து பாருங்கள். அந்தத் தூரத்துக்குள் எத்தனை படலைகள் இருக்கின்றன?

3. திறமை கூடினால் ஆபத்தும் கூடலாம் என்பதற்கு எமது விவசாய வேலைகளில் வேறு உதாரணங்கள் உண்டா?

4. பிள்ளை வேகமாக ஓடுவதற்கு வீட்டார் அறியாமலே காரணமாகும் சந்தர்ப்பங்கள் எவை?

5. எமது ஊரில் ஒரு பயிற்சி நாளை நடத்த யாரை அழைக்கலாம்? எங்கே, எப்போது?